புளி போட்டுத் தேய்த்த கட்டில்

சிப்பித்துறையில் இரும்புக்கு இளமை என்று ஒன்று கிடையாது. காலையில் சந்தையில் வாங்கிவந்த அரிவாள்மனை மத்தியானம் மீன் அரியும்போதே லேசாகச் சிவந்திருக்கும். ஜன்னல் கம்பி, கதவுக் கொண்டி, கிணற்று உருளை, குடைக் கம்பி, சேலையில் குத்துகிற ஊக்கு வரைக்கும் கடல்காற்று நக்காத சாமான் அந்த ஊரில் இல்லை. வெள்ளை வேட்டியோடு யாரும் எந்தக் கேட்டிலும் சாய மாட்டார்கள். வெளியூரிலிருந்து பெண்பார்க்க வருகிறவர்கள் மட்டும் தெரியாமல் சாய்ந்து, முதுகில் வரிவரியாகச் சிவப்புக் கோடு வாங்கிக்கொண்டு பஸ் ஏறுவார்கள். அவர்கள் போன பிறகு தெருவே சிரிக்கும்.

அந்த ஊரில் மாதா கோவிலுக்குப் பின்னால், மணல் தெருவின் கடைசி வீட்டில் வியாகுலம் இருந்தாள். வியாகுல மாதா திருநாள் அன்றைக்குப் பிறந்ததால் வந்த பெயர். மற்றபடி அவளுக்கும் வியாகுலம் என்கிற துக்கத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஜாக்கெட் தைப்பாள், தைக்கும்போது பாடுவாள், பாட்டு மறந்துபோனால் கழுத்து இறக்கம், கை நீளம் என்று அளவுகளையே ராகம் போட்டுப் பாடுவாள். அவள் புருஷன் ததேயு சங்கு குளிக்கப் போனவன். ஒருநாள் ஆழத்திலிருந்து, என்ன அவசரமோ, வரக்கூடாத வேகத்தில் மேலே வந்துவிட்டான். ஆள் வந்து சேர்ந்தான், இடுப்புக்குக் கீழே உணர்ச்சி வந்து சேரவில்லை.

அன்றிலிருந்து அவனுக்கு உலகம் என்பது ஓர் இரும்புக் கட்டில். எங்கேயோ மூடிப்போன ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கட்டில் அது. அதை வீட்டுக்குள் கொண்டுவந்த அன்றைக்கு ஊரில் பலசாலி என்று பெயர் வாங்கியவர்களில் பாதிப்பேருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. கோவிலிலிருந்து ஒரு சக்கர நாற்காலி கொடுத்துப் பார்த்தார்கள். தெரு முழுக்க மணல். சக்கரம் புதைந்தது, புதைந்த சக்கரம் துருப்பிடித்தது, பிறகு அதில் கோழி அடைகாத்தது. தோளில் தூக்கிக்கொண்டு போகிறோம் என்று கூட்டாளிகள் வந்து நின்றபோது ததேயு ஒத்துக்கொள்ளவில்லை. "நாலு பேரு தோள்ல போறதுக்கு ஒரு நாளு இருக்குல்லாலே. அன்னைக்குப் போய்க்கிடுதேன்" என்று அனுப்பிவிட்டான். குளிப்பாட்டுவது, திருப்பிப் படுக்கவைப்பது, மற்றதெல்லாம் வியாகுலம்தான். அவன் கெடுபிடியான ஆள் இல்லை. படுத்தபடியே கதை சொல்வான், அவள் தைத்தபடியே சிரிப்பாள். அப்படியே வருஷங்கள் போயின.

அந்த வருஷம் திருவிழாவுக்கு முன்னால், வெள்ளையடிப்பு முடிந்த கையோடு, வியாகுலம் மஞ்சள் பூப்போட்ட புது விரிப்பு ஒன்றைக் கட்டிலில் விரித்தாள். மறுநாள் காலையில் பார்த்தால் நாலு ஓரத்திலும் துரு செங்காவியாக இழுகியிருந்தது.

"இந்த இரும்பை இன்னைக்கு ஒரு வழி பண்ணாம விடமாட்டேன்" என்றாள்.

"அது என்னட்டி பண்ணிச்சு? சும்மாதான நிக்குது."

"நீங்களும்தான் சும்மா கெடக்கிய. உங்க மேல துருப்பிடிச்சிருக்கா?"

"முதுகைத் திருப்பிப் பாரு" என்றான் ததேயு. பார்த்தாள். முதுகிலும் ஒரு கோடு ஓடியிருந்தது.

அடுப்படியில் இருந்த பழம்புளியை எடுத்துக் கெட்டியாகக் கரைத்தாள், கல்லுப்பை அள்ளிப் போட்டாள், கம்பி கம்பியாக அப்பினாள், அது ஊறும்வரைக்கும் ரெண்டு ஜாக்கெட்டுக்குக் கை வைத்தாள், பிறகு தேங்காய் நாரை உருட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். கம்பி சேருகிற மூலைகளில் நார் நுழையவில்லை. அங்கே எலுமிச்சம்பழத்தைப் பாதியாக வெட்டி உப்பில் முக்கி முறுக்கினாள். அதற்கும் மசியாத இடத்தில் ஆப்பசோடாவைக் குழைத்துப் பூசிப் பழைய பல்துலக்குகிற பிரஷ்ஷால் தேய்த்தாள். ஒரு பக்கம் முடிந்ததும் அவனை அந்தப் பக்கம் உருட்டிவிட்டு இந்தப் பக்கம் வந்தாள். தேய்த்த இடத்தைத் தண்ணீர்விட்டுக் கழுவி, ஈரம் நிற்கவிடாமல் துணியால் ஒற்றி, உடனே தேங்காய் எண்ணெயைத் தடவினாள். சிவப்புத் தண்ணீர் வாசலில் ஓடி மணலில் இறங்கியது. கட்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் கறுத்து, பிறகு வெளுத்து, பிறகு ஊசிபோல மினுங்கத் தொடங்கியது.

கடைசியாகத் தலைமாட்டுக் காலின் உள்பக்கம் மட்டும் மிச்சம். வியாகுலம் கட்டிலுக்கு அடியில் மல்லாந்து படுத்து, அந்த ஒரு திட்டையும் எலுமிச்சம்பழத்தால் முறுக்கி எடுத்தாள். எடுத்ததும், பெருமூச்சு விடுகிறவனுடைய மார்பு ஏறுகிற மாதிரி, கட்டில் ஏறியது. நாலு காலும் தரையைவிட்டுக் கிளம்பி ஒரு சாண் உயரத்தில் நின்றன.

அவளுக்கு முதலில் தோன்றியது, நல்லதாய்ப் போயிற்று, அடியில் பெருக்கிவிடலாம் என்பதுதான். எழுந்துபோய் விளக்குமாற்றை எடுத்துவந்து சுத்தமாகப் பெருக்கினாள். காணாமல்போன கத்தரிக்கோல் ஒன்றும், ஜாக்கெட் கொக்கிகள் ஒரு கையளவும் கிடைத்தன. அதற்குப் பிறகுதான் அவனிடம் சொன்னாள்.

"ஏங்க, கட்டில் தரையில இல்ல."

"பின்ன எங்க இருக்கு?"

"கொஞ்சம் மேல இருக்கு."

ததேயு கையைக் கீழே விட்டுத் துழாவினான். காலுக்கும் தரைக்கும் நடுவில் கை போய்வந்தது. "ஆமா" என்றான். பிறகு, "கதவைத் தெற" என்றான்.

ரெண்டு கதவையும் விரியத் திறந்தால் கட்டிலுக்கு ஒரு விரற்கடை மிச்சம் இருந்தது. வியாகுலம் கால்மாட்டில் ஒற்றை விரலை வைத்துத் தள்ளினாள். ஊரையே இடுப்புப் பிடிக்கவைத்த கட்டில், தண்ணீரில் விட்ட பூவரசு இலைபோல வாசலைத் தாண்டித் தெருவுக்கு வந்தது. வெயில் அவன் முகத்தில் விழுந்ததும் ததேயு கண்ணை மூடிக்கொண்டான். அவள் தள்ளுவதை நிறுத்தினாள். "நிக்காத, போ, கண்ணு பழகிரும்" என்றான், கண்ணைத் திறக்காமலே.

அடுத்த வீட்டுப் பிரகாசி வாசலில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கட்டில் வந்தது, கருவாட்டுக்கு மேலாக நிழல் போட்டது, நின்றது. பிரகாசி நிமிர்ந்து பார்த்தாள். குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். மறுபடி நிமிர்ந்து, அந்தக் கம்பியில் விரலை ஓட்டி, விரலை முகர்ந்தாள்.

"ஏட்டி வியாகுலம், என்ன போட்டுத் தேச்ச?"

"புளிதான் மைனி."

"பழம்புளியா, புதுப்புளியா?"

"பழசு."

"அதான பாத்தேன். புதுப்புளிக்கு இந்த மினுக்கம் வராது" என்றாள் பிரகாசி.

அந்த வாரம் சிப்பித்துறையில் புளி கிடைக்கவில்லை. பலசரக்குக் கடைப் பொன்னையா அண்ணாச்சி சாக்குக்குள் கையை விட்டுக் கொட்டையைத்தான் எடுத்துக் காட்டினார். புளி கிடைக்காதவர்கள் எலுமிச்சைக்குப் போனார்கள், அதுவும் தீர்ந்தபோது வினிகருக்கும், அரிசி கழுவிப் புளிக்கவைத்த நீருக்கும், உருளைக்கிழங்கை வெட்டி உப்புத் தொட்டுத் தேய்ப்பதற்கும், மண்ணெண்ணெய்க்கும், கலர் சோடாவுக்கும் போனார்கள். எது நல்லது என்று தெருவுக்குத் தெரு கட்சி பிரிந்தது. புளிக்கட்சிக்காரர்கள் வினிகர்க்கட்சி வீட்டில் தண்ணீர் குடிக்கவில்லை. அத்தனை ஜன்னலும் அத்தனை கேட்டும் அத்தனை நங்கூரமும் வெள்ளியாக மினுங்கின, பெண்பார்க்க வந்தவர்கள் சாய்ந்த முதுகோடு சுத்தமாக ஊர் திரும்பினார்கள், ஆனால் ஒரு கொண்டிகூட ஒரு நெல் உயரத்துக்குக் கிளம்பவில்லை. ஏன் என்று யாரும் முட்டிக்கொள்ளவில்லை. ஒரே தோப்பில் ஒரு தென்னையின் இளநீர் மட்டும் இனிக்கிறது, ஒரு கோழி மட்டும் ரெட்டைக் கரு போடுகிறது. ததேயுவின் கட்டில் ஏறுகிறது. ஊர் அதை அப்படியே எடுத்து அந்தந்த இடத்தில் வைத்துக்கொண்டது.

பங்குச் சாமியார் மட்டும் ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தின் முடிவில் அறிவித்தார்: கட்டில் கோவிலுக்குள் வரலாம், தடையில்லை, பெண்கள் பக்கமும் ஆண்கள் பக்கமும் இல்லாமல் நடுவழியில் நிற்கட்டும், மின்விசிறி உயரத்துக்கு மட்டும் போகவேண்டாம். மின்சார வாரிய லைன்மேன் ஒருவர் வந்து கட்டிலைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, மின்கம்பிக்குக் கீழே போகும்போது மழை பெய்யாமல் இருந்தால் சரி என்று சொல்லிப்போனார்.

ததேயுவின் கட்டிலோடு கூட நடக்க ஆட்கள் சேர்ந்தார்கள். அதில் முதல் ஆள் கஸ்பார். ரெண்டுபேரும் ஒரே தோணியில் சங்கு குளித்தவர்கள். கஸ்பாருக்கு இப்போது காது மந்தம், கடற்கரையில் டீக்கடை போட்டிருந்தான். காலையில் வந்து கட்டிலில் ஒரு கயிற்றைக் கட்டி, மாட்டை அவிழ்த்துக்கொண்டு போவதுபோலப் போவான். ததேயு கையில் ஒரு மூங்கில் கழி. தரையில் ஊன்றித் திசை திருப்புவான், உயரம் வேண்டுமென்றால் தரையையோ சுவரையோ உந்துவான், உந்திய அளவுக்குக் கட்டில் ஏறும்; இறங்கக் கழியை எதிலாவது மாட்டி இழுப்பான். கல்யாண வீட்டுக்குச் சீரியல் பல்பு கட்ட அவனைக் கூப்பிட்டார்கள். உச்சாணி முருங்கைக்காய் பறிக்கக் கூப்பிட்டார்கள். கோவில் வளைவின் மேலே பறவை எச்சம் விழுந்த, சிறகு விரித்த சம்மனசு சிலைக்கு முகம் கழுவிவிட்டான். எல்லாவற்றுக்கும் மேலாகக் கடற்கரை. பனை உயரத்தில் நின்றுகொண்டு தண்ணீரின் நிறத்தைப் பார்த்து, "வடக்க, வடக்க, சாளை கெடக்குலே, கறுப்பா கெடக்கு!" என்று அவன் கத்துவான், வள்ளங்கள் அந்தப் பக்கம் திரும்பும். ததேயு சொன்ன இடத்தில் வலை வெறுமையாக வந்தது அபூர்வம். மீன் கொண்டுவந்து வியாகுலத்தின் வாசலில் போட்டுவிட்டுப் போனார்கள். எல்லாரும் அவளைப் பார்த்து, "கொடுத்துவச்சவ" என்றார்கள்.

கொடுத்துவைத்தவளுக்கு ஒரு வேலை கூடியிருந்தது. காற்று சும்மா இருக்குமா? காலையில் பனை உயரத்துக்குப் போகிற கட்டில், உப்புக்காற்றில் சிவக்கச் சிவக்கக் கனம் ஏறி, சாயங்காலம் வீடு திரும்பும்போது முழங்கால் உயரத்தில் வரும், விளக்கு வைக்கும்போது தரையில் உட்கார்ந்துவிடும். விடிந்தால் அவள் புளியும் நாருமாகக் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுக்கவேண்டும். மேலே ததேயு அன்றைக்கு எங்கே எங்கே போகவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருப்பான். முன்பும் அவன் பேசிக்கொண்டுதான் இருந்தான், அவள் முகத்தைப் பார்த்துப் பேசினான். இப்போது கதவைப் பார்த்துப் பேசினான்.

கஸ்பார் வந்து கயிற்றைப் பிடித்ததும் வீடு காலியாகிவிடும். வியாகுலம் தையல் மிஷினில் உட்காருவாள். திருப்பிப் படுக்கவைக்க ஆள் இல்லை, தண்ணீர் கேட்க ஆள் இல்லை, அவள் அளவுகளை ராகம் போட்டால் குரல் சரியில்லை என்று சொல்ல ஆள் இல்லை. மத்தியானம் ரெண்டுபேருக்கு ஆக்கிய சோற்றை ஒருத்தியாக உட்கார்ந்து சாப்பிடுவாள். இத்தனை வருஷம் ஒருநாள் ஓய்வு கிடைக்காதா என்று மனசுக்குள் கேட்டவள்தான். இப்போது கிடைத்த ஓய்வு முழுவதும் அவள்மேல் உட்கார்ந்து அழுத்தியது. சாயங்காலம் அவன் கடல் வாசனையோடு வந்து, "இன்னைக்கு நீ பாத்திருக்கணும்" என்று தொடங்குவான். வந்து பார் என்று ஒருநாளும் சொன்னதில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்டு வாங்குகிற விஷயமா அது?

ஒருநாள் விடியற்காலையில் கட்டிலின் மூன்று காலைத் தேய்த்து முடித்தாள். நாலாவது காலுக்குக் கை போகவில்லை. கோபம் என்றுகூடச் சொல்லமுடியாது. தூக்கணாங்குருவி பாதிக் கூட்டில் விட்டுப்போவதுபோல நாரைப் போட்டுவிட்டு எழுந்து, புளிக்கையைக் கழுவிவிட்டு வந்துவிட்டாள். ஒரு நாள் துருதானே, கட்டில் கிளம்பியது, ஆனால் ஒரு மூலை தாழ்ந்து, படகுக்கு ஒரு பக்கம் பாரம் ஏற்றியதுபோலச் சாய்ந்து நின்றது. ததேயு ஒரு கையால் தலைமாட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். அவன் ஒன்றும் கேட்கவில்லை. கஸ்பார் மட்டும், "என்ன தங்கச்சி, வண்டி ஒரு பக்கமா வலிக்கு?" என்றான். "காத்தா இருக்கும்ண்ணே" என்றாள் வியாகுலம்.

முற்பகலில் அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தபோது கஸ்பார் ஓடிவந்தான். ஓடி வருகிற வயது இல்லை அவனுக்கு. வாசலில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"தங்கச்சி, கட்டில் எறங்கிட்டு. மணல்திட்டுல."

"எறங்கினா என்ன? இழுத்துட்டு வாங்க."

"திட்டுக்கு அந்தப் பக்கம் தங்கச்சி. தண்ணி ஏறுது. நான் டீயடிக்க வந்த நேரத்துல ஒரு பக்கமா குத்திட்டு நின்னுட்டு. இப்ப அலை வேற அடிக்கவும் நாலு காலும் செவந்துபோச்சு. தூக்கிட்டு வாறோம்னா ஆளு கம்பியப் பிடிச்சிட்டு விடமாட்டேங்கான்!"

வியாகுலம் உலையை அப்படியே விட்டாள். புளிப்பானையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். ஓடும்போதே, "மைனி, எலுமிச்சம்பழம்!" என்று கத்தினாள். பிரகாசி எதற்கு என்று கேட்கவில்லை. வீட்டில் பழம் இல்லை, ஊறுகாய் ஜாடிதான் இருந்தது. அதை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் ஓடினாள். அவளைப் பார்த்து அடுத்த வீடு ஓடியது. புளிக்கட்சியும் வினிகர்க்கட்சியும் உருளைக்கிழங்குக்கட்சியும் தங்கள் தங்கள் சட்டி பாட்டில்களோடு மணலில் கால் புதையப் புதைய ஓடின.

கட்டில் முட்டளவுத் தண்ணீரில் நின்றது. ததேயு நடுவில், ரெண்டு பக்கக் கம்பியையும் பிடித்தபடி படுத்திருந்தான். ஆண்கள் சுற்றி நின்று கெஞ்சிக்கொண்டிருந்தார்கள்.

"வாலே, முதுகுல ஏறுலே, இதென்ன வீம்பு?"

"என்னை யாரும் தூக்கக்கூடாது. கட்டிலோட வந்தேன், கட்டிலோடதான் போவேன்."

"கட்டில் கடலுக்குள்ளல்லாலே போவும்!"

"கடலு எனக்குப் புதுசா?"

வியாகுலம் யாரையும் பார்க்கவில்லை. தண்ணீரில் இறங்கி, நாலாவது காலண்டையில் உட்கார்ந்து, கழுத்தளவுக்கு நனைந்துகொண்டு தேய்த்தாள். அலை வந்து புளியைக் கழுவிக்கொண்டு போயிற்று. மறுபடி அப்பினாள். பிரகாசி ஊறுகாய்த் துண்டுகளை எடுத்து இன்னொரு காலில் தேய்த்தாள். காரம் கண்ணில் பட்டு, "மாதாவே, மாதாவே" என்று சொல்லிக்கொண்டே தேய்த்தாள். ஒருத்தி வினிகரை ஊற்ற ஒருத்தி மணலை அள்ளித் தேய்த்தாள். அத்தனை பேரும் தேய்க்க, கடலும் விடாமல் துருப்பிடிக்கவைக்க, கட்டில் எழும்புவதாகவும் இல்லை, புதைவதாகவும் இல்லை.

அப்போது ததேயு கம்பியைவிட்டுக் கையை எடுத்து, உடம்பைப் புரட்டி, குப்புறப் படுத்து, ஓரத்தில் தலையை நீட்டிக் கீழே பார்த்தான். இத்தனை காலம் காலைதோறும் கட்டிலுக்கு அடியில் நடந்ததை அவன் பார்த்ததே இல்லை. தண்ணீருக்கு மேலே வியாகுலத்தின் முகமும் கையும் மட்டும் தெரிந்தன; நெற்றியில் புளிச்சக்கை, விரல் நுனிகள் எலுமிச்சைச் சாற்றில் வெடித்துக் கிடந்தன.

"இந்தக் காலை நாந்தான் தேய்க்காம விட்டேன்" என்றாள் அவள், நிமிராமல்.

"தெரியும்."

"தெரிஞ்சுமா போனிய?"

"சாய்ஞ்சில்லா கெடந்துச்சு, தெரியாதா? கேக்கலாம்னுதான் நெனச்சேன். கேட்டா நீ ஏதாவது சொல்லிருவியோன்னு பயந்துபோயிட்டேன்."

"என்னத்தச் சொல்லிருவேன்?"

"இனிமே முடியாதுன்னு."

அலை ஒன்று வந்து அவள் தலைக்கு மேலே போயிற்று. இருமிக்கொண்டு எழுந்தாள். "அப்படியே விட்டுருவனாக்கும்" என்றாள். முகத்தில் வழிந்தது கடல்தண்ணீரா, கண்ணீரா என்று பார்த்துக்கொண்டிருக்க அங்கே யாருக்கும் நேரம் இல்லை.

"நாரைக் குடு" என்றான் ததேயு.

"எதுக்கு?"

"காலுதானட்டி போச்சு, கை என்ன பண்ணிச்சு? குடு."

அவள் பாதியைப் பிய்த்துக் கொடுத்தாள். முத்துச்சிப்பியையும் சங்கையும் இருட்டில் தடவி எடுத்த கை அது. இத்தனை வருஷம் மார்பின்மேல் கோத்துவைத்தபடி கிடந்தது. அவன் மேலேயிருந்து கீழாகவும் அவள் கீழேயிருந்து மேலாகவும் ஒரே காலைத் தேய்த்தார்கள். நடுவில் ரெண்டு நாரும் முட்டிக்கொண்டபோது நாலாவது கால் வெளுத்தது, மணல் 'பொளக்' என்று விட்டது, கட்டில் கிளம்பியது. கிளம்பிய வேகத்தில் வியாகுலம் காலைப் பிடித்தபடியே தொங்கிக்கொண்டு போனாள்.

"விடாத, விடாத" என்று அவள் மணிக்கட்டைப் பிடித்தான் ததேயு. சங்கு மூட்டையை மேலே ஏற்றுவதுபோல ஒரே இழுப்பில் கட்டிலுக்கு இழுத்துப்போட்டான். சொட்டச் சொட்ட அவள் அவன் பக்கத்தில் வந்து விழுந்தாள். பிடித்துக்கொள்ளக் கஸ்பார் தாவினான். கயிறு நனைந்திருந்தது, வழுக்கிவிட்டது. கரையிலிருந்து கச்சான் காற்று வீசிக்கொண்டிருந்தது. அது கட்டிலை மெதுவாகத் தள்ளிக்கொண்டு கடலுக்கு மேலே போயிற்று.

கரையில் எல்லாரும் அண்ணாந்து நின்றார்கள். பிரகாசிக்குத்தான் முதலில் நினைவு வந்தது. ஊறுகாய்க் கையை வாயில் குவித்துக் கத்தினாள்:

"ஏ வியாகுலம், அடுப்புல உலை கெடக்கேட்டி!"

மேலேயிருந்து பதில் வந்தது: "எறக்கி வச்சிரு மைனி!"

வியாகுலம் கடலுக்குள் போனதில்லை. அந்த ஊரில் பெண்கள் கடல்மேல் போகும் வழக்கம் இல்லை. அவளுக்குக் கடல் என்பது அவனை வாங்கிக்கொண்டுபோய், மிச்சத்தைத் திருப்பித் தந்த ஒன்று. ததேயு கடலை அறிந்தது அடியிலிருந்து. மேலேயிருந்து அவனும் கரைக்குப் பக்கத்தை மட்டுமே பார்த்திருந்தான். அதனால் நடுக்கடலில் அவள் கேட்ட கேள்விகளுக்கு அவனுக்குப் பாதிக்குமேல் பதில் தெரியவில்லை. அந்தப் பச்சைத் திட்டு என்ன, அந்த வெள்ளைக் கோடு எங்கே போகிறது, கூட்டமாகப் பறக்கிறதே அது மீனா பறவையா? தெரியாது என்று சொல்லிச் சொல்லி அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பசித்தது. தூரத்தில் ஒரு வள்ளம் தெரிய, ததேயு கூப்பிட்டான். வள்ளத்துக்காரர்கள் அண்ணாந்து பார்த்து, துடுப்பு நுனியில் தூக்குவாளியை மாட்டி நீட்டினார்கள். பழையசோறும் சுட்ட கருவாடும். கட்டில்மேல் உட்கார்ந்து ஒரே வாளியில் கைவிட்டுச் சாப்பிட்டார்கள். துரு ஏறத் தொடங்கியபோது மிஞ்சிய நாரால் ஆளுக்கொரு பக்கம் குனிந்து தேய்த்துக்கொண்டார்கள். பொழுது சாய்கிற வேளையில் கடலிலிருந்து கொண்டல் காற்று திரும்பி, அவர்களைக் கொண்டுவந்து கோவிலுக்கு முன்னால் விட்டது. பிரகாசி சோற்றை இறக்கிவைத்திருந்தாள், குழையாமல்.

மறுநாள் விடியும்போது வியாகுலத்தை எழுப்பியது சரக் சரக் என்ற சத்தம். ததேயு ஓரத்தில் குப்புறத் தொங்கிக்கொண்டு தலைமாட்டுக் கால்களைத் தேய்த்துக்கொண்டிருந்தான். முகமெல்லாம் எண்ணெய். கஸ்பார் வந்து கயிற்றோடு வாசலில் நின்றபோது, "இன்னைக்கு நீ கடையப் பாருலே, எங்களுக்கு வேற சோலி இருக்கு" என்று அனுப்பிவிட்டான்.

"எங்க போறோம்?" என்றாள் வியாகுலம்.

"நீ சொல்லு."

அப்படி ஒருவர் அவளிடம் கேட்டது அதுவே முதல் தடவை. ஆகையால் அவசரப்படாமல் யோசித்தாள். யோசித்துக்கொண்டே சோற்றைக் கட்டினாள், தலைவாரினாள், இவ்வளவு உயரத்தில் போவதற்கு எந்தச் சேலை தோதுப்படும் என்று பெட்டியைக் குடைந்து, காற்றில் பறக்காத கனத்த நூல்சேலை ஒன்றை எடுத்துக் கட்டினாள். அதுவரை கட்டில் வாசலில் ஒரு சாண் உயரத்தில் காத்துக்கொண்டு நின்றது.

"ரயிலைப் பாக்கணும்" என்றாள் கடைசியில். "மேலருந்து."

உப்பளத்துக்கு மேலாக, உடைமரக் காட்டுக்கு மேலாக, ததேயு கழியை ஊன்றி ஊன்றிக் கட்டிலை உள்நாட்டுப் பக்கம் கொண்டுபோனான். சிக்னல் கிடைக்காமல் பாசஞ்சர் ரயில் ஒன்று பொட்டலில் நின்றிருந்தது. கட்டில் அதற்கு மேலே போய் நின்று, பெட்டிகளின்மேல் ஒரு கட்டிலளவு நிழல் போட்டது. புழுக்கத்தில் தவித்துக்கொண்டிருந்த ஜனங்கள் அந்த நிழலுக்காக ஜன்னல் வழியே தலையை நீட்டினார்கள். மேலே ஒரு புருஷனும் பொண்டாட்டியும் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

பச்சைச் சேலை கட்டிய ஒரு பெண், மடியில் திறந்த டிபன்பாக்ஸோடு, கண்ணைச் சுருக்கி மேலே பார்த்தாள்.

"என்ன கொழம்புக்கா?" என்று கேட்டாள்.

"சாளை" என்றாள் வியாகுலம். "புளி கொஞ்சம் கம்மி. வேணுமா?"

ததேயு கட்டிலைத் தாழ்த்தினான்.